அது வரும்மட்டும் சுடுதண்ணி

கல்முனையில் ஒரு மனிதர் தன் ஆயுளில் பாதியைச் சுடுதண்ணீருக்காகச் செலவழித்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊர் வெயிலில் மத்தியானம் குழாயைத் திறந்தால் கை பொசுங்கும். குளிக்கப் பச்சைத்தண்ணீர் கிடைக்காதா என்று ஏங்குகிற ஊரில் சுடுதண்ணீர் யாருக்கு வேண்டும்? ஆனால் விடியற்காலையில் மாமியின் விரல்களைப் பார்த்த ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

மாமா, மாமி என்று நான் சொல்வது இரத்த உறவில் அல்ல. கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாக, எங்கள் வேலிக்கு அந்தப்புறம் அடுத்த வீட்டில் இருந்தவர்கள். மாமா பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக வேலை பார்த்தார். மாமிக்கு மூட்டு வருத்தம். படுக்கப் போகும்போது ஒழுங்காக இருக்கிற விரல்கள் விடிவதற்குள் மடங்கி இறுகிவிடும். முழங்காலும் அப்படித்தான். சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் துவாயைப் பிடிக்க முடியாது, தஸ்பீஹ் மணியை நகர்த்த முடியாது. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். அதற்குப் பிறகு அந்த மனுசியைப் பிடிக்க முடியாது. மீன் ஆணம் காய்ச்சுவார், வளவு கூட்டுவார், வேலிக்கு மேலால் என்னோடு சண்டை பிடிப்பார். ஆனால் அந்த முதல் சூடு கிடைக்காத நாளில் பின்னேரம்வரை படுக்கைதான்.

அதற்காக மாமா குசினிக்குப் பின்னால் செங்கல் கட்டி, அதன்மேல் ஓர் இரும்புப் பீப்பாவை ஏற்றி வைத்திருந்தார். கீழே உமி அடுப்பு. சம்மாந்துறை நெல் ஆலைகளிலிருந்து மூட்டை மூட்டையாக உமி வரும். உமி கொழுந்துவிட்டு எரியாது, உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். இரவில் இஷா தொழுதுவிட்டு வந்து மூட்டிவிட்டால் சுபஹுக்குத் தண்ணீர் பதமாக இருக்கும். பீப்பாவிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக் குளியலறைக்குள் போனது. எங்கள் தெருவுக்கு விடியற்காலையில் எப்போதும் உமிப் புகை மணக்கும். வந்த விருந்தாளிகள் எங்கே எரிகிறது என்று பதறுவார்கள். “அது மாமிட சுடுதண்ணி” என்போம்.

மாமாவிடம் யார் எந்தப் புதுச்செய்தியைக் கொண்டுவந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“நல்லம். அது வரும்மட்டும் என்ன செய்ற?”

குரலில் எதிர்ப்பு இருக்காது, கிண்டலும் இருக்காது. உண்மையாகவே பதில் தெரிய வேண்டும் என்பதுபோல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பழையது போகும், புதியது வரும் என்பதுவரைக்கும்தான் எல்லோரும் யோசித்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நாட்களில் யாராவது சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், தூங்க வேண்டும் என்பது மாமாவுக்கு மட்டும்தான் நினைவு வரும்.

கரண்ட் வந்து பல வருடமான பிறகும் அவர் வீட்டில் அரிக்கன் லாம்பு எண்ணெய் ஊற்றித் தயாராகத் தொங்கியது. புதுச்செருப்பு காலைக் கடிப்பதை நிறுத்தும்வரை பழைய சோடியைப் பையில் கொண்டு திரிவார். ஒரு நாள் பள்ளிவாசல் முற்றத்தில் ஒருத்தர் எல்லோருக்கும் கேட்க நையாண்டி பண்ணினார்.

“எல்லாத்துலயும் ரெண்டு வெச்சிரிக்கிற மனிசன், பொஞ்சாதி விசயத்துல மட்டும் ஒண்டோட நிண்டுட்டாரே!”

மாமா கோபப்படவில்லை. “அவவ மாத்துற யோசின எனக்கு இல்லயே தம்பி. பொறவு என்னத்துக்கு ரெண்டு?” என்றார். அதை என் வாப்பா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. வாப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கு அவருடைய போக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் கணக்கு டீச்சர். பழுதாகிப் போனதைக் கட்டிக்கொண்டு அழுவது என் குணத்துக்கு ஒத்துவராது. வருடா வருடம் மாரி தொடங்கும் முன் பீப்பா எங்காவது ஒழுகும், மாமா வெல்டிங்காரரைக் கூட்டிவருவார். அந்த ஒரு நாள் வேலைக்காகக் கலியாண வீட்டுக் கிடாரம் ஒன்றை இரவல் வாங்கி முதல்நாளே தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவார். நான் வேலியில் நின்று கத்துவேன்.

“மாமா, இத வீசிட்டுப் புதுசு ஒண்டு வாங்குங்களேன். எத்தின தரந்தான் ஒட்டுப் போடுற?”

“வாங்கலாம் மகள். அது வரும்மட்டும்?”

“ஒரு நாள், ரெண்டு நாள்தானே!”

“உங்களுக்கு நாள். அவக்கு விடிய விடிய நோவு.”

நான் வேலியை விட்டு உள்ளே போனேன்.

பழையதில் ஆசை பிடித்த மனிதர் என்றுதான் பலர் நினைத்தார்கள். அது தவறு என்பதை எங்கள் தெருக் கிணற்று விசயத்தில் கண்டேன். குழாய்த்தண்ணீர் வந்த புதிதில், இனி கிணறு எதற்கு, சிறுபிள்ளைகள் விழுந்துவிடும் என்று சொல்லி மூட ஏற்பாடு செய்தார்கள். டிராக்டரில் மண் வந்து இறங்கியது. மாமா வந்து கிணற்றுக் கட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“இந்தக் குழாய் ஒரு கோடயக் காணட்டும். மறுகா மூடுங்க.”

கெஞ்சினார்கள், ஏசினார்கள். மனிதர் எழும்பவில்லை. டிராக்டர்க்காரர் மண்ணைத் தெருவிலேயே கொட்டிவிட்டுப் போனார். அந்த மண்மேட்டில் தடுக்கி விழாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. கோடை வந்தது. குழாய் ஒரு நாளும் நிற்கவில்லை. நாங்கள் எல்லோரும் மாமா என்ன சொல்லிச் சமாளிக்கப்போகிறார் என்று காத்திருந்தோம். கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் அவரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் ஆளாகக் கிணற்றை நிரப்பத் தொடங்கினார். முகத்தில் தோற்றுப்போன களை கொஞ்சமும் இல்லை.

பஸ் நிலையத்திலும் அப்படித்தான். சண்டைக்காலத்தில் தெற்குப் பக்க வீதியை அடிக்கடி மூடிவிடுவார்கள். அப்படி மூடிய ஒரு பின்னேரம், திருக்கோவிலுக்குப் போகவேண்டிய ஒரு தமிழ்ப் பெண் காய்ச்சல்காரக் குழந்தையோடு நிலையத்தில் அகப்பட்டுக்கொண்டார். இனி நாளைக்குத்தான் பஸ் என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். டைம்கீப்பரின் வேலை பஸ் வந்த நேரம் போன நேரம் எழுதுவதோடு சரி. மாமா அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த நாட்களில் முஸ்லிம், தமிழ் என்று எங்கள் இரண்டு சனங்களுக்கும் இடையில் இருந்த பயத்துக்கு அது சின்ன விசயமல்ல. தெருவில் இரண்டு பேர் வந்து கேட்டார்கள், இது தேவையா என்று.

“பஸ் நாளைக்கி வரும். அது வரும்மட்டும் இந்தப் புள்ள எங்க இரிக்கிற?” என்று மாமா அவர்களைத் திருப்பிக் கேட்டார். விடிந்ததும் மாமி பீப்பாத் தண்ணீரில் குழந்தைக்கு உடம்பு துடைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

பிறகு கடல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை ஓடாது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். கடல் வருகுது என்ற கூக்குரல் கேட்டபோது மாமி சுடுதண்ணீரில் குளித்து முடித்து, முழங்கால் இளகி, முற்றத்தில் நின்றார். அதனால் ஓடினார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் உம்மாவையும் முந்திக்கொண்டு, மேற்கே பிரதான வீதியைத் தாண்டி ஓடினார். அன்று விடிய பீப்பாவில் தண்ணீர் சுட்டிருக்காவிட்டால் அவரால் கட்டிலைவிட்டே இறங்கியிருக்க முடியாது. மாமா இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வாப்பா வீட்டுக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கினோம். யாருக்கும் யாருடைய முகத்தையும் பார்க்கத் தைரியமில்லை. மறுநாள் விடியும்போது புகை மணத்தது. எழும்பிப் பார்த்தால் வகுப்பறைக்குப் பின்னால் மாமா. மூன்று செங்கல், உடைந்த மேசைக் கால்கள், எங்கேயோ பொறுக்கிய பெரிய தகர டின் ஒன்று. தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கு மேல் ஆத்திரம் ஏறியது.

“மாமா, மையத்து அடக்க இடமில்லாமச் சனம் அலையிது. நீங்க இஞ்ச இருந்து சுடுதண்ணி வெக்கிறீங்களா?”

“ஓம் மகள்” என்றார். ஒரு சிரட்டையில் தண்ணீரை அள்ளி, சூடு பார்த்து, என் முன்னால் நீட்டினார். “முகத்தக் கழுவுங்க. ராவு முழுக்க உப்போடயும் மண்ணோடயும் இரிக்கிறீங்க.”

கழுவினேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சூடு முகத்தில் பட்டதும் வாப்பா, வாப்பா என்று கத்தினேன். மாமா எழுந்து வந்து ஆறுதல் சொல்லவில்லை. அடுத்த சிரட்டையை நீட்டினார்.

வெயில் ஏறுவதற்குள் அந்த அடுப்பைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். பச்சைக் குழந்தைக்காரிகள், காயத்தில் சேறு படிந்தவர்கள், குளிரில் நடுங்குகிற வயதாளிகள். யாரோ ஒரு கிடாரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் பதிய வந்த ஓர் அதிகாரி, கூடாரம் வரும், மருந்து வரும், பிறகு வீடும் வரும் என்று சொல்லிக்கொண்டு போனார். மாமா அவரையும் விடவில்லை.

“வரும் சேர். அது வரும்மட்டும்?”

அந்த அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. பதிவுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். பின்னேரம் ஒரு வண்டில் விறகு வந்து பள்ளிக்கூட வாசலில் இறங்கியது. அவர்தான் அனுப்பியிருந்தார்.

பீப்பா எங்கள் தெருவிலிருந்து வெகுதூரம் தள்ளி, வயலோரத்தில் மண் நிரம்பிக் கிடந்தது. மாமா அதை உருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து விசர் பிடித்துவிட்டது என்றவர்களும் உண்டு. தகரக் கொட்டிலில் இருந்த காலம் முழுக்க அதுதான் மாமிக்குத் தண்ணீர் சுட வைத்தது. கடலோரத்தில் திரும்பக் கட்ட விடவில்லை. மேற்கே வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. எங்களுக்கும் அதே வரிசையில், அவர்களுக்குப் பக்கத்து வீடு. ஒரு மண்டபம், ஓர் அறை, அறையோடு சேர்ந்த குளியலறை, குசினி. அவ்வளவுதான். பீப்பாவும் கூடவே வந்தது.

சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன நாளில் எல்லோரும் வீதியில் நின்று கதைத்தோம். இனி எல்லாம் சரியாகப் போகும் என்று யாரோ சொன்னார்கள். மாமா மெல்லிய குரலில், “போகும், இன்ஷா அல்லாஹ். அதுமட்டும்?” என்றார். சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வருடம்தான் பீப்பா விவகாரம் முற்றியது. உப்புத்தண்ணீர் தின்ற இரும்பு, அடித்தட்டு முழுக்கக் கறல். இன்னொரு தரம் வெல்டிங் வைத்தால் ஒன்றிரண்டு வருடம் ஓடும், அதற்கு மேல் சொல்லமுடியாது என்றார் வெல்டிங்காரர். கட்டாரிலிருந்து மகன் தொலைபேசியில் சத்தம் போட்டான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. மாமாவுக்கு ஒரே மகன், பெண்பிள்ளை இல்லை. மகன் சம்மாந்துறையில் பெண்ணெடுத்து அங்கே போய், பிறகு கட்டாருக்குப் போய்விட்டான். வயது போன காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் தனி.

“வாப்பா, அந்தக் கறல் பீப்பாவ வீசுங்க. நான் ஹீட்டர் அனுப்புறன்.”

நானும் மகன் பக்கம்தான். மாமி மறுபக்கம். “எனக்குப் பழகின சூடு இதுதான். கரண்டுச் சாமான் ஒண்டும் எனக்கு வேணாம். இதுக்கே ஒட்டுப் போடுங்க” என்று பிடிவாதமாக நின்றார். திருத்துவதா, மாற்றுவதா என்று அந்த வீட்டில் கிழமைக்கணக்கில் நடந்த சண்டை என் வீட்டுக்குக் கேட்கும். மாமா ஒரு பக்கமும் சாயாமல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வளவைச் சுற்றிச்சுற்றி நடந்தார். கடைசியில் இரண்டையும் செய்தார். பீப்பாவுக்கு வெல்டிங்கும் வைத்தார், ஹீட்டரையும் வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

ஆச்சரியம் ஹீட்டரைப் பூட்டிய விதத்தில்தான். அதைப் பொருத்தப் பாண்டிருப்பிலிருந்து தமிழ் எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். மாமாவுக்குப் பஸ் நிலையத்துப் பழக்கம்; மாமாவை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். குளியலறைக்குள் அளவெல்லாம் எடுத்து, சுவரில் துளை போடப் போனவரை மாமா நிறுத்தினார்.

“இஞ்ச வேணாம் தம்பி. சுவருக்கு வெளிய.”

வெளியே என்றால் தெரு ஒழுங்கைப் பக்கம். சுடுகிற தாங்கி, வயர், பியூஸ், தண்ணீர் அடைக்கிற கட்டை, எல்லாமே வெளிச்சுவரில் ஓர் இரும்புப் பெட்டிக்குள், மேலே தகரக் கூரை, பூட்டு. உள்ளே ஒரு குழாய் வாய் மட்டும். அதன் பிடியும் முழங்கையால் தள்ளினால் திறக்கிற நீளப்பிடி. மாமியின் கட்டில் தலைமாட்டில் ஒரு பெரிய சுவிச். அதையும் விரலால் அல்ல, புறங்கையால் தட்டிப் போடலாம்.

ஒழுங்கையால் போனவர்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. ஹீட்டரை வெயிலில் காயப் போட்டிருக்கிறார் என்றார்கள். குளிர்காய்கிறது தெருவா வீடா என்றார்கள். நானும் விடவில்லை.

“மாமா, ஊரெல்லாம் ஹீட்டரக் குளிக்கிற அறைக்குள்ளதான் பூட்டுவாங்க. களவெடுத்திட்டுப் போகப் போறாங்க.”

“பூட்டு இரிக்கி மகள். திறப்பு ஒண்டு உங்கட வூட்டயும் வெச்சிக்கங்க” என்று ஒரு திறப்பை என் கையில் தந்தார். நான் அதை மசாலாப் போத்தல்களுக்குப் பின்னால் மாட்டி வைத்தேன்.

அந்த மாரி முழுக்க இரண்டும் ஓடின. மாமா வழமைபோல் இரவு உமி மூட்டுவார். விடியற்காலையில் பீப்பாவுக்குப் பக்கத்தில் பலகையில் குந்திக்கொள்வார். ஆனால் மாமிக்குக் குழாயைத் திறந்துவிடமாட்டார். மாமி தானே சுவிச்சைத் தட்டி, தானே சுவரைப் பிடித்து நடந்து, தானே முழங்கையால் குழாயைத் தள்ள வேண்டும். சுவர் தாண்டி எனக்கு எல்லாம் கேட்கும்.

“நீங்கதான் இரிக்கிறீங்களே, என்னத்துக்கு என்னப் போட்டுப் படுத்துறீங்க?”

“இண்டைக்கி ஒரு தரம் செஞ்சி பாருங்க. ஏலாட்டிக் கூப்பிடுங்க, பீப்பா சுட்டபடிதான் இரிக்கி.”

முதலில் அடிக்கடி கூப்பிட்டார். பிறகு எப்போதாவது. தை பிறந்து மழை விட்ட நேரத்தில் கூப்பிடுவதே இல்லை. மாமா பக்கத்தில் சும்மா குந்திக்கொண்டிருப்பார், பீப்பாத் தண்ணீர் சும்மா ஆறும்.

ஒரு நாள் பாடசாலை விட்டு வருகிறேன், மாமா செங்கல் கட்டை இடித்துக்கொண்டிருக்கிறார். மாரிக்கு முன்தான் வெல்டிங் வைத்த பீப்பா பழைய இரும்புக்காரனின் வண்டிலில் ஏறியிருந்தது. மிச்ச உமியை யாரோ கோழி வளர்க்கக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இத்தனை வருடச் சண்டையில் ஒருமுறையாவது வென்றேனே!

“அல்ஹம்துலில்லாஹ்! இப்பயாவது புத்தி வந்திச்சே மாமா.”

“ஓம் மகள், வந்திட்டு” என்று சிரித்தார். அலவாங்குக் கம்பியால் இரண்டு தரம் இடித்துவிட்டு உட்காருவார். என்ன என்று கேட்டால் வாயு என்பார். நம்பிவிட்டேன்.

பெருநாளுக்கு முந்திய மாதம், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. நெஞ்சு வருத்தமாம். ஒரு வருடத்துக்கு மேலாக மருந்து எடுத்திருக்கிறார். அந்தக் குளிசைகளையும் வாயுக் குளிசை என்றுதான் மாமியிடம் சொல்லியிருக்கிறார்.

மாமி இத்தா இருந்தார். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி அந்த வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. அந்த ஓர் அறைதான் மாமிக்கு உலகம். வாசலுக்குத் திரை. மகன் வந்து தங்கிவிட்டுத் திரும்பக் கட்டாருக்குப் போனான். மாமியின் தங்கச்சி இரவில் வந்து படுப்பார். பகலில் நான் எட்டிப் பார்ப்பேன்.

பாதி இத்தாகூடப் போகவில்லை, ஹீட்டர் நின்றுவிட்டது. நான் போனபோது மாமி கட்டிலில் கிடந்தார். இரண்டு கைகளும் மடங்கி நெஞ்சில் இருந்தன. குசினியில் தண்ணீர் சுட வைத்துச் சட்டியில் கொண்டுவந்தோம். சட்டித் தண்ணீர் கைக்குக் காணும், முழங்காலுக்குக் காணாது. அன்று அவர் எழும்பவே இல்லை. மறுநாளும் அப்படித்தான்.

“எலக்ட்ரீசியனக் கூப்பிடுறன் மாமி. கொஞ்ச நேரம் குசினிக்குள்ள உங்களத் தூக்கி வெப்பம்.”

“வேணாம் மகள்.” குரல் தெளிவாக இருந்தது. “இத்தால இரிக்கக்குள்ள இந்த அறைக்குள்ள ஒரு ஆம்புள வரப்படாது. அவருக்காக நான் செய்ற கடைசி வேல இது. விரல் மடங்கினா மடங்கட்டும்.”

இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. அதுவரை இந்தக் கைகள் இப்படியே கிடந்தால் பிறகு விரியுமா? பயந்துபோய், எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று பாண்டிருப்புக்கு அழைப்பு எடுத்தேன். அந்த எலக்ட்ரீசியன் பின்னேரமே வந்தார். ஒழுங்கையிலேயே மறித்தேன்.

“தம்பி, குறை நினைக்காதீங்க. மாமி இத்தால. உங்கள உள்ள விட ஏலாது. என்ன செய்றெண்டு எனக்கே தெரியல்ல.”

அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

“உள்ள என்னத்துக்கு டீச்சர்? எல்லாம் வெளியதானே கிடக்கு. உங்களிட்ட ஒரு திறப்புத் தந்திருக்கெண்டு காக்கா சொன்னவர், எடுத்திட்டு வாங்க.”

ஓடிப்போய் எடுத்துவந்தேன். பெட்டியைத் திறந்தார். சுடுகிற கம்பி எரிந்திருந்தது. கட்டையை அடைத்து, வயரைக் கழற்றி, புதுக்கம்பி பூட்டினார். ஒழுங்கையில் நின்றபடியே எல்லாம் முடிந்தது. வீட்டுக்குள் ஓர் அடி வைக்கவேண்டி வரவில்லை. நான் அந்தப் பெட்டியையும் தகரக் கூரையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை தரம் இதைக் கிண்டல் பண்ணியிருப்பேன்.

“பூட்டக்குள்ளயே காக்கா சொன்னவர் டீச்சர்” என்றார், கையைத் துடைத்துக்கொண்டு. “இது பழுதாப் போனா நீ உள்ள வராமலே திருத்திற மாதிரி வை, அவ இத்தால இருப்பா எண்டு. எனக்கு அந்தச் சொல் விளங்கும், நாங்களும் பக்கத்து ஊர்தானே. அதான் பகீரெண்டிச்சு. ஆருக்குக் காக்கா இத்தா எண்டு கேட்டன். என்ட பொஞ்சாதிக்குத்தான் எண்டு சிரிச்சார். ஒருத்தருக்கும் சொல்லாத எண்டும் கேட்டவர். அதான் நான் இவ்வளவு நாளும் வாய் திறக்கல்ல.”

தன் மௌத்துக்குப் பிறகு தன் மனைவி திரைக்குப் பின்னால் இருக்கப்போகும் நாட்களை, அந்த நாட்களின் விடியல்களை, உயிரோடு இருக்கும்போதே ஒருவர் ஒழுங்கையில் நின்று அளந்து பார்த்திருக்கிறார். மாரி முழுக்கப் பலகையில் குந்தியிருந்தது மாமியைப் பழக்க. பீப்பாவை இடித்தது, உமி மூட்ட இனி ஆள் இருக்காது என்பதற்காக. நானோ புத்தி வந்ததே என்று சொன்னேன்.

“தண்ணி சுடுகுதா எண்டு உள்ள ஒருக்காக் கேளுங்க டீச்சர்.”

உள்ளே போனேன். குளியலறைக் காற்றுத் துவாரம் ஒழுங்கைப் பக்கம்தான் இருக்கிறது. பகலிலும் கூடவே நின்ற மாமியின் தங்கச்சி அவரை முக்காலியில் இருத்திக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். மாமி மடங்கிய கைகளைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். ஆவி எழும்பியது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“மாமி, சுடுகுதா?”

ஒரு விரல் விரிந்தது, பிறகு இன்னொன்று. கண்ணீரைத் துடைக்கக் கையை எடுக்காமல் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார்.

“என்னோட அவ்வளவு நாளும் ஒண்டாத்தானே இருந்தார் மகள்” என்றார். “ஒரு வார்த்த சொல்லல்லயே இந்த மனிசன்.”

வெளியே அந்தத் தம்பி காத்துக்கொண்டு நின்றார். சுடுகிறது என்று சொல்ல நான் காற்றுத் துவாரத்துப் பக்கம் திரும்பினேன். அதற்குள் மாமி விரிந்த கையால் தகரக் கோப்பையை எடுத்து, சுவரோடு ஓடிய குழாயில் இரண்டு தரம் தட்டினார்.

“சரி டீச்சர், கேட்டிச்சு” என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது. பெட்டியைப் பூட்டிவிட்டுத் திறப்பை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்.